ஊசித்துளை கேமரா: டப்பா தயார் செய்வது முதல் படம் கழுவுவது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸே இல்லாமல் படம் எப்படி விழுகிறது?

ஒளி நேர்கோட்டில் போவதால்தான். மரத்தின் உச்சியிலிருந்து கிளம்பும் ஒளி ஒரு சின்னத் துளை வழியாக டப்பாவுக்குள் நுழைந்தால், எதிர்ப்பக்கத்தில் கீழேதான் விழ முடியும். மரத்தின் அடியிலிருந்து வருவது மேலே விழும். இப்படி வெளியே உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ளே ஓர் இடம் கிடைத்துவிடுவதால் தலைகீழாக ஒரு படம் உருவாகிறது. சீனத் தத்துவ அறிஞர் மோட்சுவின் வழிவந்தவர்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் சூரிய கிரகணத்தின் பிறை வடிவத்தை இதே வழியில் ஆராய்ந்தார்.

அடர்ந்த மரத்தடியில் வெயில் வட்ட வட்டமாகத் தரையில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இலை இடுக்குகள் எந்த வடிவத்தில் இருந்தாலும் அந்தப் பொட்டுகள் வட்டமாகவே இருக்கும். ஏனென்றால் அவை ஒவ்வொன்றும் சூரியனின் படம். பகுதி கிரகணத்தன்று போய்ப் பாருங்கள், எல்லாம் பிறையாக மாறியிருக்கும்.

முதல் கேமராவை எதில் செய்யலாம்?

இறுக்கமாக மூடும் தகர டப்பா கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் டின், பால் பவுடர் டின் எதுவானாலும் சரி. அட்டைப் பெட்டியிலும் செய்யலாம், ஆனால் மூலைகளில் வெளிச்சம் கசியும். ஒவ்வொரு மடிப்பையும் கறுப்பு டேப்பால் ஒட்ட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் மூடிகளை நம்ப வேண்டாம். பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும் வெள்ளை மூடிகூட வெயிலில் ஒளியை உள்ளே விடும்.

உருளை டின்னில் பேப்பர் உட்சுவரோடு வளைந்து உட்காரும். பார்வைக் கோணம் அகலமாகக் கிடைக்கும். பக்கவாட்டில் உள்ள கிடைக்கோடுகள் வளைந்து தெரியும். சதுரப் பெட்டியில் பேப்பர் தட்டையாக இருப்பதால் நேர்கோடு நேர்கோடாகவே வரும். ஆனால் ஓரங்களுக்கு ஒளி அதிகத் தூரம் சாய்வாகப் போக வேண்டும். 45 டிகிரி சாய்வில் விழும் இடத்துக்கு நடுப்பகுதியின் கால் பங்கு ஒளிதான் கிடைக்கும். அதனால் பாசிட்டிவ் படத்தில், அதாவது கடைசியில் கிடைக்கும் நேர்ப்படத்தில், மூலைகள் இருண்டு வரும். எனக்கு அந்த இருட்டு பிடிக்கும். பிடிக்காதவர்கள் பெட்டியின் ஆழத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

உட்புறம் முழுக்கப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடியுங்கள், அல்லது கறுப்புத் தாள் ஒட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தில் ஒளி பிரதிபலித்துப் படத்தை வெளுக்க வைக்கும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: போனின் டார்ச்சைப் போட்டு டின்னுக்குள் வைத்து மூடி, இருட்டு அறையில் டின்னைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். எங்கே மினுங்குகிறதோ அங்கே டேப்.

துளையை எப்படிப் போடுவது?

கேமராவின் உயிர் இதில்தான் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம்.

டின்னின் சுவரிலேயே நேராகக் குத்தாதீர்கள். அது தடிமன், துளை ஒரு சுரங்கம் மாதிரி ஆகிவிடும். டின்னில் ஆணியால் 1 செ.மீ. அளவுக்குப் பெரிய ஓட்டை போட்டு, அதன் மேல் உள்பக்கமாக மெல்லிய தகடு ஒன்றை ஒட்ட வேண்டும். குளிர்பான கேனின் அலுமினியம் இதற்கு அருமையான பொருள். 2 செ.மீ. சதுரமாக வெட்டி, தடித்த அட்டை மேல் வைத்து, ஊசி முனையால் மெதுவாக அழுத்துங்கள். குத்த வேண்டாம், பின்பக்கம் சின்னதாகப் புடைத்தால் போதும். அந்தப் புடைப்பை மிக நைசான உப்புத்தாளால் வட்டமாகத் தேயுங்கள். மறுபடி ஊசியை லேசாக அழுத்தி, மறுபடி தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊசியின் நுனி மட்டும் நுழையும் அளவுக்குத் திறக்கும். ஊசியைச் சுழற்றிக்கொண்டே அளவைக் கூட்டுங்கள்.

பூதக்கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் துளை சுத்தமான வட்டமாக இருக்க வேண்டும். பிசிறு இருந்தால் படத்தின் கூர்மை போய்விடும். ஸ்கேனர் இருந்தால் அளந்தும் பார்க்கலாம்: 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 0.4 மி.மீ. துளை ஏறக்குறைய 38 பிக்சல் அகலம் இருக்கும். கடைசியில் தகட்டின் உள்பக்கத்தைக் கறுப்பு மார்க்கரால் பூசிவிடுங்கள், துளை அடைபடாமல்.

துளை எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதா?

இல்லை. பெரிய துளையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டமாகப் பரவிப் படம் மங்கும். அளவுக்கு மீறிச் சிறுத்தாலும் மங்கும், ஏனென்றால் குறுகிய துளை வழியே போகும் ஒளி அலைகள் விளிம்பில் வளைந்து விரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அறிவியலாளர்கள் பெட்ஸ்வாலும் பின்னர் ரேலியும் இதற்குக் கணக்குப் போட்டார்கள். ரேலியின் கணக்கைச் சுருக்கினால்: துளையிலிருந்து பேப்பருக்கு உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 0.045ஆல் பெருக்குங்கள். 50 மி.மீ. தூரத்துக்கு சுமார் 0.3 மி.மீ., 100 மி.மீ.க்கு 0.45, 200 மி.மீ.க்கு 0.64 என்று வரும்.

கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் படம் வரும். அளவைவிட துளையின் வட்டமும் சுத்தமும்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

பிலிமா, போட்டோ பேப்பரா?

ஆரம்பத்துக்குப் பேப்பர்தான். கறுப்பு வெள்ளை பிரிண்ட் போடுவதற்கென்று விற்கும் ஆர்.சி. பேப்பர், அதாவது பிளாஸ்டிக் பூச்சுள்ள வகை, வாங்குங்கள். சிவப்பு விளக்கின் கீழ் அதைக் கையாளலாம், கத்தரிக்கோலால் டின்னுக்கு ஏற்ப வெட்டலாம், சில நிமிடங்களிலேயே முடிவு தெரிந்துவிடும். பிலிமில் அப்படி முடியாது. பெரும்பாலான பிலிம்களை முழு இருட்டில் ஏற்ற வேண்டும், தப்பு எங்கே நடந்தது என்று தெரிவதற்குள் பல படங்கள் வீணாகிவிடும். கற்றுக்கொள்பவருக்கு அந்த உடனடிப் பதில்தான் ஆசிரியர்.

ஒன்று மனதில் இருக்கட்டும்: சாதாரண இங்க்ஜெட் பிரிண்டருக்கு விற்கும் 'போட்டோ பேப்பர்' இதற்கு உதவாது. அதில் ஒளியுணரும் வெள்ளி உப்பே கிடையாது.

எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும்?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கணக்குத் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

தூரத்தைத் துளையின் அளவால் வகுங்கள். 100 மி.மீ. தூரம், 0.4 மி.மீ. துளை என்றால் 250. இதுதான் உங்கள் கேமராவின் எஃப் எண். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஒன்றை ஐஎஸ்ஓ எண்ணால் (பிலிமோ பேப்பரோ ஒளியை எவ்வளவு வேகமாக உணர்கிறது என்று சொல்லும் எண்) வகுத்த அளவு விநாடி போதும் என்பது படம் எடுப்பவர்களின் பழைய விதி. போட்டோ பேப்பரின் வேகம் தோராயமாக ஐஎஸ்ஓ 3 முதல் 6 வரை. 6 என்று வைத்தால் எஃப் 16இல் ஆறில் ஒரு விநாடி. இப்போது 250ஐ 16ஆல் வகுத்தால் 15.6, அதன் வர்க்கம் 244. ஆறில் ஒரு விநாடியை 244ஆல் பெருக்கினால் சுமார் 40 விநாடி. ஐஎஸ்ஓ 3 என்று வைத்தால் 80 விநாடி. ஆக, உச்சி வெயிலில் 1 நிமிடத்தில் தொடங்குங்கள்.

நிழல் மங்கலாக விழும் வெயிலுக்கு இரண்டு மடங்கு, மேகமூட்டத்துக்கு நான்கு மடங்கு, கருமேகத்துக்கோ திறந்தவெளி நிழலுக்கோ எட்டு மடங்கு. பேப்பர் முக்கியமாக நீல ஒளியைத்தான் உணர்கிறது என்பதால் மாலை மஞ்சள் வெயில் கண்ணுக்குப் பிரகாசமாக இருந்தாலும் பேப்பருக்கு இருட்டுதான். அப்போது தாராளமாக நேரம் கொடுங்கள். வீட்டுக்குள் என்றால் மணிக்கணக்கில்கூட ஆகலாம்.

முதல் நாள் ஒரே காட்சியை 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று மூன்று தடவை எடுத்துப் பாருங்கள். 50, 55, 60 என்று சின்னச் சின்னதாக மாற்றினால் வித்தியாசமே தெரியாது. எப்போதும் இரட்டியுங்கள், அல்லது பாதியாக்குங்கள். ஒரு நோட்டில் வெயில் எப்படி இருந்தது, எவ்வளவு நேரம், என்ன வந்தது என்று எழுதிவையுங்கள். படத்தின் பின்பக்கமே பென்சிலால் எண் போட்டுவிட்டால் இருட்டறையில் குழப்பம் வராது.

வியூஃபைண்டர் இல்லாமல் எதைப் படம் எடுக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

டின்னின் மேல்மூடியில் துளையிலிருந்து பேப்பரின் இரு ஓரங்களுக்கும் கோடு போட்டு, அவற்றைத் துளைக்கு முன்பக்கமாக நீட்டிப் பாருங்கள். அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பதெல்லாம் படத்தில் வரும்.

நினைப்பதைவிடக் கிட்டே போங்கள். ஊசித்துளைக்கு ஃபோகஸ் என்று ஒன்று கிடையாது. ஒரு ஜாண் தூரத்தில் உள்ள செருப்பும் அடிவானத்து மலையும் ஒரே தெளிவில் வரும். தூரத்துக் காட்சியை மட்டும் எடுத்தால் எல்லாம் குட்டிக் குட்டியாகத் தெரியும். டின்னைத் தரையில் வைத்து, முன்னால் ஒரு கல்லோ செடியோ வரும்படி எடுத்தால் படம் வேறு ஆளாக மாறிவிடும். நடந்துபோகிறவர்கள் பதியவே மாட்டார்கள். உட்கார்ந்திருப்பவர் பதிவார், தலையை ஆட்டினால் முகம் மட்டும் கரைந்திருக்கும்.

திறக்கும்போதும் மூடும்போதும் டின் அசையக் கூடாது. மேலே ஒரு கனமான கல்லை வையுங்கள். ஷட்டராகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு போதும்.

இருட்டறைக்குத் தனி அறை வேண்டுமா?

வேண்டாம். ஜன்னல் இல்லாத குளியலறை போதும், அல்லது ராத்திரியில் திரை போட்ட எந்த அறையும். உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். கண் பழகிய பிறகு வெளிச்சம் வரும் இடுக்குகள் தானாகத் தெரியும். கதவடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள்.

சிவப்பு விளக்குக்கு நல்ல சிவப்பு எல்இடி பல்ப் நம்பகமானது. சாதாரண பல்பில் சிவப்புத் தாளைச் சுற்றினால் நீலமும் பச்சையும் கசியலாம். எந்த விளக்கானாலும் பேப்பரிலிருந்து நாலடி தள்ளி இருக்கட்டும். சோதனை சுலபம்: அந்த வெளிச்சத்தில் ஒரு துண்டுப் பேப்பர் மேல் நாணயத்தை வைத்து 5 நிமிடம் விட்டு, கீழே சொல்லும் முறையில் கழுவிப் பாருங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு சரியில்லை.

படம் கழுவும் முறையைச் சொல்லுங்கள்.

மூன்று டிரே, வரிசையாக: டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து), ஸ்டாப் பாத் (டெவலப்பர் வேலையை நிறுத்துவது), ஃபிக்ஸர் (படத்தை நிலைக்க வைப்பது). பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். டெவலப்பருக்கு ஓர் இடுக்கி, ஃபிக்ஸருக்கு வேறு இடுக்கி. ஃபிக்ஸர் சொட்டு டெவலப்பரில் விழுந்தால் டெவலப்பர் கெட்டுவிடும்.

பேப்பர் டெவலப்பரைப் பாட்டிலில் சொன்னபடி தண்ணீரில் கலந்து, 20 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறை சூடாக இருந்தால் டிரேயைக் குளிர்ந்த தண்ணீர் உள்ள பெரிய தட்டில் வைக்கலாம். பேப்பரை ஒரே வீச்சில் முழுக்க அமிழ்த்தி, டிரேயின் ஒரு மூலையை மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கால் நிமிடத்துக்குள் வெள்ளைத் தாளில் முதலில் வானம் கறுக்கத் தொடங்கும் (இது நெகட்டிவ், வெளிச்சமான இடம்தான் கறுக்கும்), அப்புறம் ஒவ்வொன்றாக எழும்பி வரும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நேரத்தில் மூச்சு நின்றுவிடுகிறது எனக்கு.

ஆர்.சி. பேப்பருக்கு மொத்தம் 1 முதல் 1½ நிமிடம். படம் சீக்கிரம் கறுக்கிறதே என்று பாதியில் எடுத்துவிடாதீர்கள். திட்டுத் திட்டாக, உயிரில்லாத சாம்பல் நிறத்தில் நிற்கும். முழு நேரம் விட்டுவிட்டு, அடுத்த படத்தில் ஒளி நேரத்தைக் குறையுங்கள். கழுவும் நேரத்தை மாற்றாமல் வைத்தால்தான் ஒளி நேரம் சரியா என்று கண்டுபிடிக்க முடியும்.

அப்புறம் ஸ்டாப் பாத்தில் 10 முதல் 20 விநாடி. தனியாக வாங்க வேண்டியதில்லை, வெள்ளை வினிகரில் இரண்டு மூன்று பங்கு தண்ணீர் கலந்தால் போதும். ஃபிக்ஸரில் அதன் பாட்டிலில் சொன்ன நேரம். அதிவேக வகை என்றால் ஒரு நிமிடம் போதும். ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்ஃபேட் படிகத்தை லிட்டருக்கு 250 கிராம் கரைத்தாலும் வேலை நடக்கும், 5 நிமிடம் விடுங்கள். வெள்ளி உப்பை இது கரைக்கும் என்று 1819இல் கண்டவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். இன்றைக்கும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம். ஃபிக்ஸரிலிருந்து எடுத்த பிறகு வெள்ளை விளக்கைப் போடலாம். ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் அலசிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

காபித் தூளில் கழுவலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸின் மாணவர்கள் செய்து காட்டியது. காபியில் உள்ள கஃபேயிக் அமிலம்தான் டெவலப்பர் வேலையைச் செய்கிறது. காஃபீன் அல்ல, அதனால் காஃபீன் நீக்கிய காபியும் ஆகும்.

அரை லிட்டர் தண்ணீருக்கு: நீர் நீக்கிய சலவைச் சோடா 27 கிராம், வைட்டமின் சி தூள் 8 கிராம், இன்ஸ்டன்ட் காபி 20 கிராம். சோடாவை முதலில் கரைத்து, வைட்டமின் சி சேர்த்து, நுரை அடங்கிய பிறகு காபியைப் போடுங்கள். பேப்பருக்கு 3 முதல் 5 நிமிடம். சமையல் சோடா வேறு, சலவைச் சோடா வேறு. மாற்றிப் போட்டால் படம் வராது. சோடா கண்ணாடி போன்ற படிகமாக இருந்தால் அதில் நீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், 2.7 மடங்கு எடை எடுங்கள். வாசனை மோசமாக இருக்கும், பேப்பரில் லேசான பழுப்பு ஏறும், கரைசலை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். ஃபிக்ஸர் மட்டும் இதிலும் கட்டாயம் வேண்டும்.

பேப்பர் முழுக்கக் கறுப்பாக வருகிறது. அல்லது வெள்ளையாகவே இருக்கிறது. என்ன தப்பு?

முழுக் கறுப்பு என்றால் ஒளி அதிகம், அல்லது கசிவு. எது என்று கண்டுபிடிக்க, டேப்பை எடுக்காமலேயே ஏற்றிய டின்னை 10 நிமிடம் வெயிலில் வைத்துக் கழுவுங்கள். வெள்ளையாக வந்தால் டின் நன்றாக இருக்கிறது, நேரத்தைப் பாதியாக்குங்கள். கறுத்தால் கசிவு. ஓரத்தில் மட்டும் கறுப்புக் கீற்று என்றால் மூடி இடுக்கைப் பாருங்கள்.

முழு வெள்ளை என்றால் இரண்டில் ஒன்று: பேப்பரைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள், அல்லது ஒளி போதவில்லை. பளபளப்பான பக்கம்தான் துளையைப் பார்க்க வேண்டும். மேட் பேப்பரில் தடுமாறினால் ஓரத்தை ஈர விரலால் தொடுங்கள், ஒட்டும் பக்கம் மருந்துப் பக்கம். டெவலப்பர் பழசாகிச் செத்திருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு துண்டுப் பேப்பரை விளக்கில் காட்டி டெவலப்பரில் போட்டுப் பாருங்கள். கன்னங்கரேலென்று ஆக வேண்டும்.

படம் இரட்டையாகத் தெரிந்தால் டின் அசைந்திருக்கிறது, அல்லது தகட்டில் இன்னொரு ஓட்டை இருக்கிறது.

கறுப்பும் வெள்ளையும்தான் இருக்கின்றன, நடுவில் சாம்பல் நிறங்களே இல்லை.

பேப்பர் நெகட்டிவின் இயல்பு இது. வானத்து நீலத்தை அது அதிகமாக உணர்வதால் நெகட்டிவில் வானம் கறுத்து, பாசிட்டிவில் வெளுத்துப் போகும். சிவப்புச் செங்கல் சுவர் கருமையாக வரும். மேகமூட்டமான நாளில் எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மல்டிகிரேடு பேப்பர், அதாவது ஃபில்டரின் நிறத்துக்கு ஏற்பக் கறுப்பு வெள்ளை வேறுபாடு மாறும் வகை, என்றால் துளைக்கு முன் மஞ்சள் ஃபில்டர் வைத்துப் பாருங்கள், சாயல்கள் மென்மையாகும். ஒளி நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். டின்னில் ஏற்றுவதற்கு முன் பேப்பருக்கு மிக மங்கலான வெளிச்சத்தைக் கணநேரம் காட்டும் வித்தையும் உண்டு. வெறுமனே கழுவினால் நிறம் தெரியாத, அதற்கும் ஒரு படி மேலே போனால் தெரியத் தொடங்கும் அந்த எல்லையில் நிறுத்த வேண்டும். இருண்ட பகுதிகளில் விவரம் கூடும்.

நெகட்டிவைப் பாசிட்டிவ் ஆக்குவது எப்படி?

கழுவிக் காய்ந்த நெகட்டிவை, சிவப்பு விளக்கின் கீழ், புதுப் பேப்பர் மேல் முகத்தோடு முகம் பொருந்தக் கவிழ்த்து, கண்ணாடி ஒன்றை மேலே வைத்து அழுத்துங்கள். அறை விளக்கைச் சில விநாடி போட்டு அணைத்து, வழக்கம்போலக் கழுவுங்கள். நெகட்டிவில் இடம் வலம் மாறியிருப்பதும் இதில் நேராகிவிடும். பேப்பரின் பின்பக்கம் கம்பெனி பெயர் அச்சிட்டிருந்தால் அதுவும் பிரிண்டில் விழும், அச்சில்லாத பேப்பரைத் தேடுங்கள்.

ஸ்கேன் செய்வதானால் நிறத்தை எதிர்மாற்றி, படத்தை இட வலமாகப் புரட்டுங்கள்.

ரசாயனங்கள் ஆபத்தானவையா?

கவனமாக இருந்தால் போதும். கையுறை போடுங்கள், காற்றோட்டம் இருக்கட்டும், இந்த டிரேக்களும் கரண்டிகளும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. மெட்டால் என்ற ரசாயனம் உள்ள டெவலப்பர் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கிறது, அதை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். தனி கேனில் சேர்த்து, ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். துளை வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, குழந்தைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கழுவாமலேயே படம் வருமாமே?

வரும். பேப்பரை ஏற்றிய கேனைத் தெற்கோ வடக்கோ, உங்கள் பகுதியில் சூரியன் நகரும் பக்கம் பார்த்துக் கம்பத்தில் கட்டிவிட்டு, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டுவிடலாம். ஒளி பட்டே பேப்பர் நிறம் மாறும். ஒவ்வொரு நாளும் சூரியன் போன பாதை ஒரு வளைகோடாகப் பதியும். மேகம் மறைத்த நேரத்தில் கோடு அறுந்திருக்கும். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் ரெஜினா வால்கன்போர்க் 2012இல் கட்டிய பீர் கேன் 2020 வரை மறந்தே கிடந்து, எட்டு ஆண்டுகளின் சூரியப் பாதைகளை ஒரே தாளில் சேர்த்துவைத்திருந்தது.

மழை நீர் புகாமல் மூடியைச் சுற்றி நன்றாக டேப் ஒட்டுங்கள், இறக்கிய நாளையும் கட்டிய நாளையும் கேனிலேயே எழுதிவையுங்கள். இந்தப் படத்தை டெவலப்பரில் போட்டால் முழுக்கக் கறுத்துவிடும், ஃபிக்ஸரில் போட்டால் பெரும்பகுதி வெளுத்துவிடும். ஆகவே மங்கலான வெளிச்சத்தில் பிரித்து, ஈரமிருந்தால் இருட்டில் உலரவிட்டு, ஒரே தடவையில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஸ்கேனர் விளக்கும் பேப்பரைக் கொஞ்சம் கறுக்க வைக்கும் என்பதால் டிபிஐ முதலிய அமைப்புகளை வேறொரு தாளை வைத்து முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள். அசல் தாளைக் கறுப்பு உறையில் போட்டு வைத்தால் வெகுநாள் இருக்கும்.